ஸ்டோர் சுவரில் இருந்த முகங்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கம்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாக வரும், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், முன்னே நடந்தது பின்னே போய்விடும். மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு மறந்து, அது கருகின வாசத்தில்தான் ஞாபகம் வருகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னே பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். டவுனுக்குக் கிட்ட ஒரு நீள மதிலில் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். யானை, மயில், பெரிய கண்ணுள்ள ஒரு பெண். இங்கே வரையலாம் என்று பலகையே வைத்திருந்தார்கள். பஸ் மெதுவாகப் போனதால் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முன் சீட்டில் இருந்த ஒருவர், "நல்ல வெள்ளை மதில நாசமாக்குறானுங்க" என்றார்.

பக்கத்தில் இருந்தவர், "அது ஆர்ட்டுங்க. வெளிநாட்டுல இதுக்குன்னே சுவர் விட்டிருக்காங்க" என்றார்.

"அப்ப ஒங்க வீட்டு மதில விடுங்களேன். விடிஞ்சு எந்திரிச்சுப் பார்த்தா தெரியும் ஆர்ட்டா என்னான்னு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அனுமதி வாங்கி வரைந்த சுவர் ஒன்று எங்கள் பாதையிலும் இருந்தது, ஐயா, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இறங்குகிற இடம் வந்துவிட்டது.

அந்தச் சுவர் அம்பிட்டிய பாதையில், ஏற்றத்தில் இருந்தது. நாங்கள் இருந்த வாடகை வீட்டை ஒட்டி ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானாவுக்கு ஒரு ஸ்டோர் இருந்தது. கடை டவுனில். சிமெந்தும் பெயின்ட் டின்னும் அடுக்கி வைக்கிற இடம் இது. ரோட்டைப் பார்த்த சுவர் ஜன்னல் இல்லாமல் நீட்டுக்கு இருக்கும். அதற்கு முன்னால்தான் பஸ் ஹோல்ட். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அக்கா இருந்தார். புருஷன் இல்லை, ஒரே மகன். தமிழ் ஆட்களை அடித்த எண்பத்துமூன்று ஆடி மாதக் கலவரத்தில் கும்பல் எங்கள் பாதையில் ஏறி வந்தபோது, என்னையும் என் வீட்டுக்காரரையும் என் நாத்தனாரையும் அந்த அக்கா தன் குசினிக்குப் பின்னால் விறகு போடுகிற அறையில் வைத்துப் பூட்டினார். வாசலில் வந்து கேட்டவர்களிடம் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "இந்த வீட்டில் நானும் என் புத்தாவும்தான்." புத்தா என்றால் மகன். பள்ளிக்கூடம் போகிற அந்தப் பிள்ளையும் தாய்க்குப் பக்கத்தில் நின்று, ஆமாம், வேறு ஒருவரும் இல்லை என்று சொன்னான். பிறகு அவனே எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். அவனை நாங்கள் மல்லி என்று கூப்பிடுவோம். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம்.

இது நடந்து சில வருடம் போனது. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் வேறொரு பயங்கரம் தொடங்கியது. சிங்களப் பொடியன்களே அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். கெம்பஸ் பிள்ளைகள் அதில் நிறைய என்று பல்கலைக்கழகம் எல்லாம் மூடிவிட்டார்கள். மல்லி நன்றாகப் படித்துக் கெம்பஸுக்கு எடுபட்டு, போய்க் கொஞ்ச நாளிலேயே வீட்டுக்கு வந்து சும்மா இருந்தான். கையில் ஒரு புத்தகத்தோடு பஸ் ஹோல்டில் வந்து நிற்பான். பஸ் ஏற மாட்டான். பார்த்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான்.

அந்த நாளில்தான் ஸ்டோர்ச் சுவரில் எழுத்து வரத் தொடங்கியது. காலையில் கதவைத் திறந்தால் சிவப்பில், கறுப்பில், பெரிய பெரிய சிங்கள எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. கேட்கவும் பயம். ஆமி வந்து நானாவைக் கூப்பிட்டு, உன் சுவர்தானே, இப்போதே அழி என்றார்கள். அழித்தார். மறுநாள் ஸ்டோர்க் கதவுக்குக் கீழே துண்டுக் காகிதம். அழிக்கிறவனைச் சும்மா விட மாட்டோம் என்று. அதற்கு அடுத்த நாள் சுவரில் திரும்பவும் எழுத்து.

நானா எங்கள் வாசலில் வந்து குந்திவிட்டார். "அழிச்சாலும் மவுத்து, அழிக்காட்டியும் மவுத்து. நான் என்னத்தச் செய்யிற? சுவர ஒடைச்சுப் போட்டு இருக்கவா?"

என் நாத்தனார்தான் அப்போது அந்த யோசனையைச் சொன்னாள். அவள் என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. சேலை சுற்றுகிற காகிதத்தில் வருகிறவர் போகிறவர் முகத்தை எல்லாம் பென்சிலால் வரைந்து வைப்பாள். பார்த்தால் அப்படியே ஆளே நிற்கும். அவள் சொன்னாள்: "சொவரு சும்மா கெடக்கிறதாலதானே எழுதுறாங்க. எடமே இல்லாம படம் வரைஞ்சுட்டா?"

நானாவுக்கு அது பிடித்தது. ஆனால் அவர் கேட்டுச் செய்கிற மனிதர். பொலிசுக்குப் போய்க் கேட்டார். அங்கே பெரியவர் யோசித்துவிட்டு, படம் என்றால் பரவாயில்லை, எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பாஷையிலும். அப்படித்தான் எங்கள் பாதையில் ஒரு சுவருக்கு வரைய அனுமதி கிடைத்தது.

நானாவும் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். "உசிருள்ளது வாணாம் புள்ள. மரம் கீறு, மழ கீறு, பஸ் கீறு. ஆளப் போடுறதுன்டா கொடைய வச்சு மறைச்சிரு. முகம் மட்டும் வாணாம்." அது அவர்களுடைய மார்க்கம். என் நாத்தனார் தலையாட்டினாள்.

ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த அடி டின்களை எல்லாம் நானா கொடுத்தார். லீவு நாளில் எல்லாம் அவள் ஏணி வைத்து வரைந்தாள். நான் தூரிகை கழுவத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் பஸ் ஹோல்டையே வரைந்தாள். மழை பெய்கிறது, பஸ் வருகிறது, ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் இல்லை, ஏனென்றால் எழுத்துக் கூடாது. எனக்கு அது மிகவும் பிடித்தது. ரோட்டில் இருக்கிற பலகை ஒன்றையும் முழுதாக வாசிக்கத் தெரியாத எனக்கு அந்தச் சுவர் முழுக்க விளங்கியது.

எங்கள் வரிசையில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்து ஆள். அவருக்குப் பிடிக்கவில்லை. தினமும் பஸ்ஸுக்கு வந்து நின்று முறைப்பார். "சுவரெண்டது கூரையைத் தாங்கத்தான், பிள்ளை. உது படமில்லை, பழுது. முந்தி எழுதிப் பழுதாக்கினாங்கள், இப்ப நீர் கீறிப் பழுதாக்கிறீர்."

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் வரைந்துகொண்டே இருப்பாள்.

ஒரு நாள் அவரே கிட்ட வந்து, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்: "அந்தக் கறுத்தக் குடைக்குக் கீழ நிக்கிறது ஆர்?"

"யாருமில்லீங்க ஐயா."

"நான் எண்டு வையுமன். முகத்தை இஞ்சால திருப்பினால் என்ன? காதை மட்டும் கொஞ்சம் சின்னனாக் கீறும்."

நானாவிடம் கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார். "என்னத்தச் செல்ற. அவங்கட முகம், அவங்கட விருப்பம். என்னைய மட்டும் பின்னால பாத்தாப்லயே விட்டிரு."

அதோடு எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். சைக்கிளில் பெட்டி கட்டிப் பாண் ரொட்டி விற்றுக்கொண்டு வருகிற பாண்காரர் நாள் தவறாமல் கேட்டார். "பொட்டியும் வேணும் தங்கச்சி. பொட்டி இல்லாட்டி என்னைய எனக்கே தெரியாது." அவரையும் வரைந்தாள், பெட்டியோடு. ஒவ்வொரு முகமாகச் சுவரில் திரும்பியது. என்னையும் வரைகிறேன் என்றாள். எனக்கு வெட்கம், மாட்டேன் என்றேன். கடைசியில் ஓரத்தில் ஒரு கையையும் வாளியையும் மட்டும் வரைந்து, "இது எங்க அண்ணி" என்று எல்லோருக்கும் காட்டினாள்.

மல்லியும் வந்து பார்த்தான். அவனுக்கு எங்களோடு பழகித் தமிழ் கொஞ்சம் வரும். "அக்கா போட்டா படம். வேற ஆள் எழுதினா குற்றம். எப்பிடி அது?" என்று கேட்டான்.

"நான் கேட்டுட்டு வரையிறேன் மல்லி."

"யார்கிட்ட கேட்டது? பொலிஸ்கிட்டதானே? நாங்க கேட்டா அவங்க தருவாங்களா?"

நாங்க என்றான். என் நாத்தனார் தூரிகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிரித்தால் ஒரு பக்கம்தான் வாய் போகும் அவனுக்கு. அவன்தான் எழுதினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படம் வந்த பிறகு அந்தச் சுவரில் ஒருவரும் எழுதவில்லை. காகிதமும் வரவில்லை.

அவன் கேட்கவில்லை. அவனுடைய தாய்தான் கேட்டார். "அனே நங்கி, எல்லாரையும் போட்டிருக்கிறீர்கள், என் புத்தாவைப் போடவில்லையே. இந்தப் பாதையிலிருந்து கெம்பஸ் போனது அவன் ஒருவன்தானே." சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். நங்கி என்றால் தங்கச்சி. என் நாத்தனார் பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில், குடை இல்லாமல், கையில் புத்தகத்தோடு அவனை வரைந்தாள். மற்ற எல்லோரையும்விட அவன் நன்றாக வந்திருந்தான். எங்களைக் காப்பாற்றிய பிள்ளை என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள் போல. அந்த அக்கா தினமும் காலையில் வாசல் கூட்டும்போது விளக்குமாற்றுத் தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் கூட்டுவார்.

ஆமி, தலையில் சாக்கைப் போட்ட காட்டிக்கொடுக்கிற ஆளைக் கொண்டுவந்து இவனா அவனா என்று அடையாளம் கேட்ட காலத்தில், நாங்கள் எல்லோரும் எங்கள் முகத்தை நாங்களே கேட்டு வாங்கி ரோட்டில் போட்டு வைத்திருந்தோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. படித்த போஸ்ட்மாஸ்டருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் இல்லை.

ஒரு முற்பகல், ஆமி ஜீப் ஒன்று ஹோல்டில் நின்றது. ஒரு அதிகாரி இறங்கிச் சுவரைப் பார்த்தார். நாங்கள் உள்ளே நின்று கதவிடுக்கால் பார்த்தோம். அவர் கோபப்படவில்லை. "லஸ்ஸனய்" என்றார், அழகாக இருக்கிறது என்று. அப்போது பார்த்துப் பாண்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் வந்தார். அதிகாரி படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார். "இது நீதானே?"

பாண்காரருக்குத் தலைகால் தெரியவில்லை. ஆமிக்காரர் சிரித்துப் பேசுகிறாரே என்ற சந்தோஷம். "நான்தான் மாத்தயா! பெட்டியும் என்னுடையதுதான். இதோ இவர் போஸ்ட்மாஸ்டர். இது தையல்காரம்மா. இது இந்த வீட்டுப் பையன், கெம்பஸ் போனவன், எங்கள் பாதைக்கே பெருமை..."

அந்த இடத்தில் நிறுத்தினார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்திருக்கும். அந்த நாளில் கெம்பஸ் என்ற சொல்லே போதும்.

அதிகாரியின் சிரிப்பு அப்படியே இருந்தது. "எந்த வீடு?" என்று கேட்டார். பாண்காரர் பதில் சொல்லவில்லை. கையும் காட்டவில்லை. ஆனால் அவருடைய கண் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஜீப்பில் இருந்து ஒருவன் கமராவோடு இறங்கிச் சுவரைப் போட்டோ எடுத்தான். போய்விட்டார்கள்.

ஜீப் வளைவில் மறைவதற்குள் அந்த அக்கா ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். செருப்புக்கூட இல்லை. "அழித்துவிடு நங்கி. என் புத்தாவை அழித்துவிடு." என் நாத்தனார் கம்பித் தூரிகையை எடுத்தாள். சுண்ணாம்பு மட்டும் அடித்தால் உள்ளே இருப்பது தெரியும், சுரண்டிவிட்டு அடி என்று நானா சொன்னார். அவள் சுரண்டினாள். நெற்றியில் தொடங்கினாள். அந்த அக்கா பக்கத்தில் நின்று, "இன்னும், இன்னும், கண் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிமெந்து தெரிகிற வரைக்கும் சுரண்டினார்கள்.

பின்னேரத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வரைந்து தரச் சொன்ன அதே ஆட்கள். போஸ்ட்மாஸ்டர் என் நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பிள்ளை, என்ரையையும் ஒருக்கா அழிச்சு விடும். நான் ரிட்டையர் ஆன மனுசன். எனக்கேன் முகம்?" ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சுரண்டி வெள்ளை அடித்தாள். குடையும் சட்டையும் பாண் பெட்டியும் அப்படியே நின்றன. நானா மட்டும் முன்னே எப்படி நின்றாரோ அப்படியே நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. என் கையும் வாளியும் இருந்தன.

அன்றைக்கே அந்த அக்கா வீட்டில் இருந்த போட்டோ எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். முதலில் கேட்பது போட்டோவைத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டமாக எடுத்தது, சின்னப் பிள்ளையில் எடுத்தது, ஒன்றும் மிச்சமில்லை. நாங்களும் சரி என்றுதான் சொன்னோம். எங்களுக்கு அப்போது அதுதான் புத்தியாகப் பட்டது.

மல்லியை மாத்தளைக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தான் என்று செய்தி வந்தது. பிறகு ஒரு நாள் சாமான் வாங்கக் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை என்று வந்தது. ஆமியா, பொலிசா, வேறு யாருமா, தெரியாது. அந்தச் சுவரால்தான் போனானா, சுவர் இல்லாவிட்டாலும் போயிருப்பானா, அதுவும் தெரியாது. பாண்காரர் அதற்குப் பிறகு எங்கள் பாதைக்கு வரவில்லை. மற்றப் பாதையால் சுற்றிப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். அவரை நான் குறை சொல்லமாட்டேன். யாராவது நம்மை அடையாளம் கண்டு சிரித்தால் யாருக்குத்தான் வாய் வராது?

அந்த அக்கா ஆமிக் கேம்புக்குக் கேம்பு ஏறி இறங்கினார். போகிற இடமெல்லாம் கேட்டது ஒன்றுதான், போட்டோ இருக்கிறதா. இல்லை என்று சொன்னால், போட்டோ இல்லாமல் எப்படித் தேடுவது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். மூன்றாவது தரமும் கேட்டார். முதலில் போடு என்றார், பிறகு அழி என்றார், இப்போது, "நங்கி, திரும்ப வரைந்து தா" என்றார்.

என் நாத்தனார் காகிதத்தில் வரைந்தாள். அந்த அக்கா பார்த்துவிட்டு, "இது என் புத்தா இல்லை" என்றார். இன்னொன்று வரைந்தாள். அதுவும் இல்லை. தெரிந்த முகம்தான், ஆனால் வேறு யாரோ. அன்றைக்குப் பிறகும் எத்தனையோ தரம் முயற்சி செய்தாள். "கண்ண மூடினா வெள்ளையா சுண்ணாம்புதான் வருது அண்ணி. சொரண்டினதுதான் வருது. மொகம் வரல" என்று என்னிடம் சொல்லி அழுதாள். சுவரில் போடுவதற்கு முன் சேலைக் காகிதத்தில் அவனை ஒரு தரம் வரைந்திருந்தாள். அந்தக் காகிதத்தையும் மற்றதுகளோடு, சுவரைச் சுரண்டிய அன்றைக்கே எரித்துவிட்டோம். பிறகு கம்பளையில் கல்யாணம் முடித்துப் போனாள். அங்கே அவள் பென்சிலைத் தொட்டதே இல்லை என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார்.

முகமில்லாத குடைகள் பல வருடம் அந்தச் சுவரில் நின்றன. புது ஆட்கள், இது என்ன கோலம், யாரோ விசரர் நாசம் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ரோட்டை அகலமாக்கியபோது சுவரையே இடித்துவிட்டார்கள். நானா அதற்கு முன்னே மவுத்தாகிவிட்டார்.

அந்த அக்கா இருக்கிறார். கண் மங்கிவிட்டது, ஆனால் கொஞ்சம் தெரியும். பஸ்ஸில் அந்தப் பிள்ளைகளின் மதிலைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் கம்பளைக்கு நாத்தனாருக்கு டெலிபோன் எடுத்தேன். மதிலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மல்லி மொகம் ஒங்களுக்கு என்னா ஞாபகமோ அத எழுதுங்க அண்ணி. வாய்ல சொன்னா எனக்கு நிக்காது. எழுதிக் குடுத்தா இன்னொரு தரம் வரைஞ்சு பாக்குறேன். வந்தா வரட்டும்."

அதனால் எனக்கு ஞாபகம் உள்ளதை எழுதுகிறேன். நெற்றி அகலம். முடி முன்னால் விழும், அடிக்கடி தள்ளிவிடுவான். கொய்யா மரத்தில் இருந்து விழுந்து ஒரு புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அது சுவரில் எனக்கு இடப்பக்கம் தெரிந்தது. அப்படியென்றால் அவனுக்கு வலது புருவமா? காது தலையோடு ஒட்டி இருந்தது என்று நினைக்கிறேன், நிச்சயமில்லை. நாடியில் குழி உண்டு என்று நான் சொல்கிறேன், இல்லை என்று நாத்தனார் சொல்கிறாள். சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்பது எனக்கு விட்டுப்போய்விட்டது. தாயிடம் கேட்டால் ஒரு நாள் ஒரு பக்கம் சொல்கிறார், மறுநாள் மற்றப் பக்கம் சொல்லிவிட்டு அழுகிறார்.

அந்த நாளில் அம்பிட்டியப் பாதையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், அவனோடு படித்தவர்கள், அந்தப் பாண்காரர் உயிரோடு இருந்தால் அவர், யாராவது இதை வாசித்தால் நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்றது எது பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. புருவமும் சிரிப்பும் எந்தப் பக்கம் என்பதை மட்டும், அந்த அக்காவுக்குக் கண் தெரிகிற நாளிலேயே, திருத்திக் கொடுத்தால் போதும்.